இடைவேளையில் போன பிள்ளை

நரிப்பாறைத் தேயிலைத் தோட்டத்தின் மேல்பிரிவான மேல்கணக்கில் காலையில் இரண்டு இடங்களில் பெயர் கூப்பிடுவார்கள். ஏழு மணிக்குப் பெரட்டுக் களத்தில், கொழுந்தெடுக்க வந்த பெண்களை. ஏழரைக்குப் பள்ளிக்கூடத்தில், அவர்கள் பெற்ற பிள்ளைகளை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்து போக ஐந்து நிமிடம் போதும். நடுவில் இருப்பது தண்ணீர் பிடிக்கும் ஒரு பீலிக்கரையும் ஒரு வளைவும்தான்.

டினேஷ் இரண்டையும் கேட்பான். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் பழைய பிள்ளைக்காம்பராவின் பாதியைப் பலகையால் தடுத்து ஆசிரியர் விடுதி என்று கொடுத்திருந்தார்கள். கைக்குழந்தைகளைத் தொட்டிலில் போட்டுவிட்டுத் தாய்மார் மலைக்குப் போன இடம். தொட்டில் கட்டிய இரும்புக் கொக்கிகள் இன்னும் உத்தரத்தில் இருந்தன. அவற்றில் ஒன்றில் அவன் ஜெர்சியைத் தொங்கவிட்டிருந்தான்.

அவனுக்கு ஊர் வட்டவளை. அங்கே குளிர் என்றால் மழை என்று அர்த்தம். சுவர் நனையும், புத்தகம் பூஞ்சணம் பிடிக்கும், ஆனால் மழைக்குச் சத்தம் உண்டு. கூரையில் யாரோ பேசிக்கொண்டே இருப்பதுபோல் இருக்கும். ராகலைக்கு மேலே உள்ள இந்த மலையில் ஜனவரி வந்தால் வானம் துடைத்துவிட்டாற்போல் ஆகிவிடும். மழையும் இல்லை, காற்றும் இல்லை. விடியும்போது புல்லின் மேல் வெள்ளையாகப் பனி உறைந்து கிடக்கும். வெயில் ஏறியதும் அது உருகும். உருகிய இடத்திலெல்லாம் தேயிலைத் தளிர் கருகி, நெருப்புக் காட்டியதுபோல் சுருண்டு நிற்கும். சத்தமே இல்லாமல் இப்படி ஒரு காரியம் நடப்பதை அவன் இதற்கு முன் பார்த்ததில்லை.

இருபத்தேழு வயதுக்கு அவன் அதிகம் பேசாதவன். வகுப்பில் பேசுவதோடு சரி. ஒன்றரைக்கு மணி அடித்த பிறகு மறுநாள் ஏழரை வரை வாயைத் திறக்காமலே கழிந்த நாட்கள் பல. கேத்தலை அடுப்பில் வைப்பான். பிளேன்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் உட்காருவான். படிப்பான். பக்கத்தைத் திருப்ப ஜெர்சிக்குள்ளிருந்து கையை வெளியே எடுக்க வேண்டுமே என்று அதே பக்கத்தை இன்னொரு முறை வாசிப்பான். படித்து என்ன செய்யப் போகிறோம் என்ற கேள்வி பனிக்காலத்தில்தான் அதிகம் வரும். பத்தாம் வகுப்பில் இருபத்திரண்டு பிள்ளைகள். போன வருடம் இதே வகுப்பில் இருந்தவர்களில் பாதிப் பேர் இப்போது கொழும்பில் யார் வீட்டிலோ, எந்தக் கடையிலோ. அவர்களுக்கு அவன் ஏரிகளின் பெயர்களையும் பருவக்காற்றின் திசைகளையும் சொல்லிக் கொடுத்திருந்தான்.

சுதர்ஷினி பத்தாம் வகுப்பில் ஜன்னலோரத்தில் இருந்தாள். கெட்டிக்காரி என்று சொல்ல முடியாது. கணக்கில் நாற்பது எடுத்தால் கோயிலுக்குப் போவாள். ஆனால் வாய் சும்மா இருக்காது.

"சேர், இந்தக் குல்லாவ எங்க வாங்குனீங்க?"

"ஏன்?"

"கங்காணித் தாத்தாவோட நாய்க்கு ஒண்ணு வாங்கணும். அதுவும் காலையில இப்படித்தான் நடுங்கிக்கிட்டு நிக்குது."

வகுப்பு சிரித்து அடங்க இரண்டு நிமிடம் ஆகும். அவனும் சிரித்துவிடுவான். அந்த இரண்டு நிமிடம் மட்டும் அறை கொஞ்சம் சூடாக இருக்கும்.

ஒக்டோபரில் அவளுடைய தாய் லெட்சுமிக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்தது. கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். மூன்று மாதம் பாரம் தூக்கக் கூடாது, மலையேறக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். தகப்பன் அழகுமுத்து கொழும்பில் ஒரு ஹோட்டலில் வேலை. தீபாவளி இரண்டு வந்து போய்விட்டது, அவன் வரவில்லை. லெட்சுமி வேலைக்குப் போகாவிட்டால் தோட்டத்தில் பேரை வெட்டிவிடுவார்கள். பேர் வெட்டுப்பட்டால் தோட்டம் கொடுத்த லயத்துக் காம்பராவை யார் பெயரில் வைத்திருப்பது? ஆஸ்பத்திரித் துண்டும் மருந்துச் சீட்டும் காட்டலாம். காட்டினாலும் அது ஒரு மாதத்துக்குத்தான் செல்லும் என்று பெண்கள் சொன்னார்கள்.

இதற்கு அந்த மலையில் ஒரு வழி உண்டு. எல்லோருக்கும் தெரிந்த, யாரும் வாய்விட்டுச் சொல்லாத வழி. தாய் படுத்தால் மகள் தாயின் படங்குத் துணியை இடுப்பில் கட்டிக்கொண்டு, தாயின் கூடையை மாட்டிக்கொண்டு, தலையில் துணியை இழுத்துவிட்டுக்கொண்டு பெரட்டுக்குப் போய் நிற்பாள். கங்காணி "லெட்சுமி" என்று கூப்பிடுவார். மகள் குரல் கொடுப்பாள். லெட்சுமிக்கு அன்றைக்குப் பேர் விழும். கங்காணிக்குத் தெரியும். வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயாவுக்கும் தெரியும். எழுத்தில் மட்டும் தெரியாது.

லெட்சுமி ஒரு சாயங்காலம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து டினேஷின் விடுதிக்கு வந்தாள். வாசலோடு நின்றாள்.

"சேர், இவள நாள் தவறாம அனுப்ப முடியாது போல. கெழமைக்கு மூணு நாளு எனக்காக மலைக்குப் போகணும். நான் எந்திரிச்சி நடமாடுற வரைக்கும்தான்."

"வரவு குறைஞ்சா பரீட்சை எழுத விடமாட்டாங்களே."

"அதுக்குத்தான் சேர் வந்தேன்." அவள் தரையைப் பார்த்தாள். "தொடர்ந்து வராட்டி காயிதம் அனுப்புவாங்களாமே. ஆபீஸ்லருந்து ஆள் வந்து விசாரிப்பாங்களாமே. இவ தங்கச்சி சின்னவளையும் சேத்துக் கூட்டிக்கிட்டுப் போயிருவாங்கன்னு சொல்றாங்க. நீங்க கொஞ்சம் மனசு வச்சா..."

டினேஷ் நெடுநேரம் பேசாமல் இருந்தான். சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. லெட்சுமி அந்த மௌனத்தைச் சரி என்று எடுத்துக்கொண்டாள். கும்பிட்டாள். "பெரிய மனசு சேர் ஒங்களுக்கு" என்றாள்.

மறுநாள் இடாப்பைத் திறந்தபோது சுதர்ஷினியின் பெயருக்கு நேராக வரவுக் கோட்டைப் போட்டான்.  

அதற்குப் பிராயச்சித்தம்போல, அவள் மலைக்குப் போகும் நாட்களில் சாயங்காலம் அவளுக்குத் தனியாகப் பாடம் சொன்னான். நான்கரைக்குக் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, பள்ளிக்கூட வராந்தாவுக்கு வருவாள். எவ்வளவு கழுவினாலும் விரலிடுக்கில் கறுப்பு போகாது. பக்கத்தைத் திருப்பும் இடமெல்லாம் கறை படியும்.

"இன்னைக்கு எத்தனை கிலோ?" என்று ஒருநாள் கேட்டான்.

"அம்மாவ விட மூணு கூட. அம்மாக்கிட்ட சொல்லல. சொன்னா நீயே போன்னுருவாங்க."

சிரித்தாள். பிறகு சிரிக்காமல் கேட்டாள். "சேர், நான் இல்லாத அன்னைக்கும் என் பேரக் கூப்பிடுவீங்களா?"

"இல்ல. சும்மா கோடு போட்டுக்கிட்டுப் போயிருவேன்."

"கூப்பிடுங்க சேர். இல்லாட்டி இவளுக என்ன மறந்துருவாளுக."

அவன் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் பதில் வராதே.

மூன்று மாதம் முடிந்து ஜனவரி பிறந்தது. லெட்சுமியின் புண் ஆறவில்லை. பனிக்கு உள்ளே இழுத்துப் பிடிக்கிறது என்றாள். கிழமைக்கு மூன்று நாள் நான்காயிற்று. பனியில் கருகியது போக மிச்சக் கொழுந்தை எடுக்க மலையெல்லாம் அலைய வேண்டியிருந்தது. சாயங்காலப் பாடத்துக்கு வந்தால் அவள் புத்தகத்தின் மேல் தலையைச் சாய்த்துத் தூங்கிவிடுவாள். டினேஷ் எழுப்பாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். எழுப்பிப் படிக்க வைப்பதா, தூங்க விடுவதா என்று தெரியாமல் இருட்டும் வரை இருந்துவிட்டு, "போய்ப் படும்மா" என்று அனுப்புவான். அந்த நாட்களில்தான் அவனுக்குள் ஒரு சந்தேகம் முளைத்தது. நான் இந்தக் கோட்டைப் போடாமல் விட்டிருந்தால் கடிதம் போயிருக்கும். யாராவது வந்து கேட்டிருப்பார்கள். சண்டை நடந்திருக்கும், அழுகை நடந்திருக்கும், ஏதாவது ஒன்று நடந்திருக்கும். இப்போது எதுவுமே நடக்கவில்லை. எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று தினமும் காலையில் நான் எழுதிக்கொடுக்கிறேன்.

நினைத்தான். அவ்வளவுதான். மறுநாளும் கோடு போட்டான்.

அது ஒரு செவ்வாய்க்கிழமை. இடைவேளை முடிந்து பிள்ளைகள் உள்ளே வந்து உட்கார்ந்து, அவன் கரும்பலகையில் ஏதோ வரைந்துகொண்டிருந்தபோது மேல்மலைப் பக்கமிருந்து பெண்களின் கூச்சல் கேட்டது. முதலில் சிரிப்பென்றுதான் தோன்றியது. பிறகு ஒரு ஆள் தலையில் சாக்கைப் போர்த்திக்கொண்டு பள்ளிக்கூடத்தைத் தாண்டி லொறி நிற்கும் இடத்துக்கு ஓடினான். பிள்ளைகள் ஜன்னலில் மொய்த்தார்கள்.

"என்ன அண்ணே?" என்று ஒரு பையன் கத்தினான்.

"குளவி! பருந்து கூட்டக் கலைச்சிருச்சி. ஆறேழு பேருக்குக் கொட்டிருச்சி. லெட்சுமிக்குத்தான் பலமா."

"ஐயோ, சுதாவோட அம்மாவா?" என்றாள் முன்வரிசையில் ஒருத்தி. "பாவம், இப்பத்தானே ஆபரேஷன் பண்ணாங்க?"

வகுப்பு முழுவதும் லெட்சுமிக்காக உச்சுக்கொட்டியது. டினேஷ் மட்டும் கையில் சோக்குத் துண்டோடு நின்றான். ஜன்னலோரத்தில் அந்த இடம் காலியாக இருந்தது. லெட்சுமி தன் காம்பராவில் படுத்திருப்பாள் என்று அவனுக்குத் தெரியும். மேலே மலையில் லெட்சுமி என்ற பெயருக்குக் குரல் கொடுத்தது யாரென்றும் தெரியும். பிள்ளைகளிடம் சொல்ல வாய் வரவில்லை. "இருங்க" என்றான். அதை எதற்குச் சொன்னான் என்று தெரியவில்லை. பிறகு வெளியே ஓடினான். வளைவுக்குப் போய்ச் சேர்வதற்குள் லொறி புறப்பட்டுவிட்டது. பின்பக்கத்தில் படங்கில் போட்டு நான்கு பெண்கள் பிடித்திருந்தார்கள். ஒரு கால் மட்டும் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் கங்காணி இராமையா பயத்தில் "லெட்சுமி, நாப்பத்தொரு வயசு" என்றே சொல்லிவிட்டாராம். தாதி முகத்தைப் பார்த்துவிட்டு எழுதாமல் பேனாவைக் கீழே வைத்தாராம். இரண்டரை மணிக்குப் பிள்ளை போய்விட்டது.

மூன்றரைக்குக் கண்டாக்கு ஜீவராஜ் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். அதிபர் சுகிர்தம் டீச்சரின் மேசைக்கு முன்னால் தொப்பியைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தியே பேசினார்.

"டீச்சர், பெரிய துக்கம். என்ன சொல்றதுன்னே தெரியல. அந்தப் புள்ள இன்னைக்கு ஸ்கூலுக்கு வந்துச்சா?"

சுகிர்தம் டீச்சர் இடாப்பை வரவழைத்துப் பார்த்தார். செவ்வாய்க்கிழமைக்கு நேராகக் கோடு இருந்தது. கீழே மொத்தத்தைப் பார்த்து அவரே கையெழுத்தும் போட்டிருந்தார்.

"வந்திருக்கு" என்றார். சொல்லிவிட்டு நிமிர்ந்து, கதவோரம் நின்ற டினேஷைப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"அதான் டீச்சர், எங்களுக்கும் அப்படித்தான் தெரிய வந்திருக்கு" என்றார் ஜீவராஜ். "இடைவேளைக்கு ஸ்கூல விட்டு வந்திருக்கு. தாய்க்குத் தேத்தண்ணி குடுத்துட்டுப் போக மலைக்கு ஏறியிருக்கு. தாய் இன்னைக்கு வேலைக்கு வந்திருக்காங்க, பேர் விழுந்திருக்கு. பாக்க வேண்டிய நேரத்துல பிள்ளைங்களப் பாக்கணும், இல்லையா சேர்?"

கடைசிக் கேள்வியை டினேஷைப் பார்த்துக் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. கொஞ்சம் வருத்தமாகவே கேட்டார். தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

 வெளியே வெயில் இறங்கிக் குளிர் மேலே வர ஆரம்பித்திருந்தது.

"எத்தன நாளா?" என்று சுகிர்தம் டீச்சர் கேட்டார்.

"ஒக்டோபர்லருந்து."

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "நாளைக்கு ஒங்களத்தான் கூப்பிடுவாங்க. என்ன சொல்லணும்னு நான் சொல்லமாட்டேன் டினேஷ். எனக்கு ஓய்வுக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கு. அதையும் சொல்லிட்டேன், மனசுல வச்சிக்காதீங்க."

அன்றைக்கு அவன் உண்மையைச் சொல்வதென்று முடிவு செய்தான். வேலை போகும். நிரந்தர நியமனத்துக்கு இன்னும் நான்கு மாதம்தான் இருந்தது, அதுவும் போகும். போகட்டும். வட்டவளையில் அப்பா ஒன்றும் சொல்லமாட்டார். ஆனால் அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிப்போய்ச் செத்தது என்று எழுதவிடக் கூடாது. அவள் எங்கேயும் ஓடவில்லை. பெரட்டில் நின்று, அம்மா பெயருக்குக் குரல் கொடுத்துவிட்டுத்தான் மலையேறினாள். ஒரு பதினைந்து வயதுப் பிள்ளையைக் கூடையைக் கட்டி ஏற்றினார்கள். அதில் ஒரு கை தன்னுடையது. இதைச் சொன்னால் போதும். வேறு எதையும் அவனால் அவளுக்குச் செய்ய முடியாது.

புதன்கிழமை காலை ஆஸ்பத்திரியில், பிணவறைக்கு முன்னால் இருந்த வாங்கில் லெட்சுமி உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு துணிப்பை. அவன் வந்ததும் பக்கத்தில் இருந்த பெண்களை எழுந்து போகச் சொன்னாள். அவள் அழவில்லை. கண் காய்ந்திருந்தது.

"சேர், என்ன சொல்லப் போறீங்க?"

அவன் பேசாமல் இருந்தான். இந்தத் தடவை அந்த மௌனத்தை அவள் சரி என்று எடுத்துக்கொள்ளவில்லை.

"எம்புள்ள கொழுந்தெடுக்கப் போனான்னு சொல்லிறாதீங்க சேர். பதினஞ்சு வயசுப் புள்ளைய வேலைக்கு அனுப்புனவன்னு என்னத்தான் புடிப்பாங்க. கங்காணியும் சொன்னாரு, வெளிய நின்னாங்களே அந்தப் பொலீஸ் அம்மாவும் சொன்னாங்க. நான் உள்ள போயிட்டா சின்னவள யாரு பாக்குறது? எங்கயோ கொண்டுபோய் விட்டுருவாங்க. ஒண்ணு போச்சி சேர். ரெண்டாவதையும் வாங்கிக்கிட்டுப் போகச் சொல்லாதீங்க."

"அக்கா, ஆனா அது..."

"அவ ஸ்கூல்ல இருந்தான்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க? எழுதுனத எழுதுனபடியே சொல்லுங்க." துணிப்பையைத் திறந்து காட்டினாள். உள்ளே வெள்ளைச் சீருடை, தோய்த்து மடித்து, மேலே கழுத்துப்பட்டி. "ஸ்கூல் உடுப்புத்தான் போடப் போறேன். படங்கோட கொண்டு வந்தாங்க சேர் எம்புள்ளைய. படங்கோட அனுப்பமாட்டேன்."

மரண விசாரணை அதிகாரி வயதானவர். மஃப்ளரைக் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தார். தமிழ் நன்றாகவே பேசினார். மேசையில் இடாப்பு விரித்து வைக்கப்பட்டிருந்தது. கங்காணி ஏற்கெனவே சொல்லிவிட்டார். கூடக் கொழுந்தெடுத்த பெண்களில் மூன்று பேரும் சொல்லிவிட்டார்கள். பிள்ளை தாய்க்குத் தேத்தண்ணி கொண்டு வந்தது. லெட்சுமியும், நான் மலையில்தான் நின்றேன் என்று சொன்னாள். எழுந்து நிற்க முடியாமல் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். ஏன் பிடித்துக்கொள்கிறாள் என்று யாரும் கேட்கவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவள் அப்படித்தான் நிற்பாள்.

"நீங்கதான் வகுப்பாசிரியரா? உட்காருங்க மகன். இது நீங்க போட்ட அடையாளமா?"

"ஓம்."

"பிள்ளை வந்ததா?"

அறையில் யாருடைய செருப்போ தரையில் உரசியது. ஜன்னலுக்கு வெளியே ஒரு ஆள் வெயிலில் ஜமுக்காளம் உலர்த்திக்கொண்டிருந்தார். டினேஷ் அதைப் பார்த்தான். அதிகாரி அவசரப்படுத்தவில்லை. எழுதும் பொலீஸ்காரர் பேனாவை உயர்த்திப் பிடித்தபடி காத்திருந்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கதவுக்குப் பின்னால் லெட்சுமியின் துணிப்பையின் ஓரம் தெரிந்தது.

"வந்தது" என்றான்.

"எத்தனை மணிக்குப் போனது?"

"இடைவேளையில."

"உங்களிடம் சொல்லிவிட்டுப் போனதா?"

"இல்ல."

"நீங்கள் கவனிக்கவில்லையா?"

"கவனிக்கல."

பொலீஸ்காரர் எழுதி முடித்து, தாளைத் திருப்பி அவன் பக்கம் தள்ளினார். சிங்களத்தில் இருந்தது. அவனுக்குச் சிங்களம் வாசிக்க வரும். ஒவ்வொரு வரியாக வாசித்தான். அவன் சொன்னது சொன்னபடி இருந்தது. கையெழுத்துப் போட்டான்.

அன்றைக்கு மதியம் மேல்கணக்கில் யாரும் வேலைக்குப் போகவில்லை. தப்பு அடித்தார்கள். சீருடையோடு தூக்கிக்கொண்டு போனார்கள். பிள்ளைகள் வரிசையாக வெள்ளைக்கொடி பிடித்து நடந்தார்கள். லெட்சுமி சுடுகாட்டுத் திருப்பம் வரைக்கும் வந்தாள். அப்போதும் அழவில்லை. அழுதால் வாயில் வேறு ஏதாவது வந்துவிடுமோ என்று பயந்தவளைப்போல் சேலைத் தலைப்பைப் பல்லில் கடித்துக்கொண்டே இருந்தாள்.

பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்து விசாரித்தார்கள். கவனயீனம் என்று எழுதினார்கள். நியமனம் ஒத்திவைக்கப்பட்டது. மாசி பிறந்ததும் வேறு பாடசாலைக்கு மாற்றக் கடிதம் வந்தது. தோட்டத்துச் செலவில் பள்ளிக்கூடத்துக்கு ஒரு இரும்புக் கேட் வந்து இறங்கியது. பச்சை வர்ணம் அடித்தது. கண்டாக்கு ஐயா நின்று பொருத்திக் கொடுத்தார்.

பெற்றோர் கூட்டத்தில் ஒரு தாய் எழுந்து, "புள்ளைங்களப் பாத்துக்கிறதுக்குத்தானே ஒங்களுக்குச் சம்பளம்? புத்தகத்துக்குள்ளயே மூஞ்சிய வச்சிக்கிட்டு இருந்தா?" என்று கேட்டாள். டினேஷ் அவளைப் பார்த்தான். அந்தச் செவ்வாய்க்கிழமை பெரட்டில் சுதர்ஷினிக்குப் பக்கத்தில் நின்றவள் அவள். லொறியில் தலைப்பக்கம் பிடித்திருந்தவளும் அவள். பொய் சொல்கிற கண்ணாக இல்லை. நிஜமான கோபம் இருந்தது. பலமுறை சொல்லிச் சொல்லி அது அவளுக்குள் நடந்த காரியமாகவே ஆகியிருந்தது. மற்றப் பெண்களும் தலையாட்டினார்கள். சுகிர்தம் டீச்சர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து அவனுக்கே சில சமயம் குழப்பமாக இருந்தது. இடைவேளை மணி அடித்ததும் ஒரு பிள்ளை ஜன்னலோரத்திலிருந்து எழுந்து, பின்வாசல் வழியாக இறங்கி, பீலிக்கரையைத் தாண்டிப் போவது தெரியும். இரட்டைச் சடை, கையில் ஃபிளாஸ்க். அவன் கூப்பிட வாயெடுப்பான். பிறகுதான், அப்படி யாரும் போகவில்லை என்று நினைவு வரும்.

போகிற நாளன்று காலை ஒரு பெட்டியும் புத்தகப் பொதியுமாக வளைவில் பஸ்ஸுக்கு நின்றான். அந்தப் பக்கத்து மலையில்தான் பெண்கள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பனியில் கருகிய செடிகளில் புதிதாக ஒன்றிரண்டு தளிர் வந்திருந்தது. அவனைக் கண்டதும் பேச்சு நின்றது. கங்காணி இராமையா வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டார். நடுவிலிருந்து ஒருத்தி கூடையைக் கழற்றிவைத்துவிட்டு இறங்கி வந்தாள். லெட்சுமி. ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

"போறீங்களா சேர்?"

"ஓம் அக்கா. ஒடம்பு எப்படி?"

 மேலே கையைக் காட்டினாள். "அந்தா அந்தச் சவுக்கு மரத்துக்குக் கீழதான் நின்னேன். நாலாவது நிரை. தூரத்துலயே பாத்துட்டேன், ஃபிளாஸ்க்கத் தூக்கிக்கிட்டு வாரா. ஏன்டி ஸ்கூல விட்டுட்டு வாறேன்னு சத்தம் போட்டேன். சிரிச்சிக்கிட்டே வந்தா. தேத்தண்ணி சூடு ஆறுறதுக்குள்ள குடிம்மான்னா. ஊத்திக் குடுத்தா சேர். ஒரு வாய் குடிச்சேன். அதுக்குள்ள..."

 அவள் கண் அந்த நான்காவது நிரையிலேயே நின்றது. அந்தப் பிள்ளை அங்கே வருவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க ஒரு சத்தம் போட்டிருந்தா நின்னிருப்பாளே சேர்." அவன் பக்கம் திரும்பினாள். "ஒங்க பேச்சுன்னா கேப்பாளே. எங்கடி போறேன்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா எம்புள்ள இன்னைக்கு இருப்பாளே. ஏன் கவனிக்காம விட்டீங்க? ஏன் சேர் கவனிக்காம விட்டீங்க?"

மலையில் நாற்பது பெண்கள் அசையாமல் நின்றார்கள். அவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. தூரத்தில் பஸ் வளைவேறும் சத்தம் கேட்டது.

உண்மையைச் சொல்ல இதுதான் கடைசி இடம் என்று அவனுக்குத் தெரிந்தது. அக்கா, நீங்க அங்க நிக்கல, நீங்க படுத்திருந்தீங்க என்று சொல்லிவிடலாம். சொன்னால் அந்தத் தேத்தண்ணி போகும். சிரித்துக்கொண்டே வந்த பிள்ளை போகும். ஏசுவதற்கு இருக்கிற ஒரே ஆளும் போவான். பிறகு அவளிடம் மிஞ்சுவது, படங்கைத் தன் கையாலேயே மகள் இடுப்பில் கட்டிவிட்ட ஒரு விடியற்காலை மட்டும்தான்.

"தப்பு என்னுதுதான் அக்கா" என்றான். "கூப்பிட்டிருக்கணும். கூப்பிடாம இருந்துட்டேன்."

லெட்சுமி அவனையே பார்த்தாள். பிறகு ரோட்டோரத்தில் அப்படியே உட்கார்ந்து, இரண்டு கையாலும் மண்ணை அறைந்து அழ ஆரம்பித்தாள். செத்த அன்றைக்கு அழாத அழுகை. பெண்கள் கூடைகளை இறக்கிவைத்துவிட்டு ஓடி வந்தார்கள். அவளைச் சுற்றி உட்கார்ந்து தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டார்கள். ஒருத்தி மட்டும் நிமிர்ந்து, "நல்லா இருப்பீங்களா சேர் நீங்க" என்றாள். அது சாபமா விசாரிப்பா என்று முகத்திலிருந்து தெரியவில்லை.

"சேர், ஏறுங்க ஏறுங்க, நேரமாகுது" என்று பஸ் கண்டக்டர் பெட்டியை வாங்கி உள்ளே போட்டான்.

டினேஷ் ஏறினான். ஜன்னலோரத்தில் இடம் இருந்தது. அவன் நின்றுகொண்டே போனான்.